ஐரோப்பாவின் வரைபடத்துக்கு நான்கு வகை எண் ஏன்? செல்போன் சிக்னலுக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தக் கதை

[திரையில்: அட்ரியாட்டிக் கடல், மேலிருந்து எடுத்த காட்சி]

ஸ்லோவேனியாவின் கடற்கரைப் பக்கம் எஃப்.எம். கேட்பவர்களுக்குப் பல வருடமாக ஒரு தொல்லை உண்டு. சொந்த நாட்டு நிலையத்தைக் கேட்க உட்கார்ந்தால், அதே அலைவரிசையில் கடலுக்கு அந்தப் பக்கத்து இத்தாலிய நிலையம் ஏறி வருகிறது. இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள். ஒரே பணம், பாஸ்போர்ட் பார்க்காத எல்லை. ஆனாலும் இந்தத் தகராறு ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு வரை போய், கூட்டத்துக்குக் கூட்டம் விசாரணைக்கு வருகிறது.

இதே ஐரோப்பாதான் உலகம் முழுக்க ஓடிய ஒரு செல்போன் முறையையும் உருவாக்கியது. அப்படியானால் ஒத்துழைப்பு எங்கே நடக்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். நடுவில் ஒரு வரைபடம் வரும். அதைப் பார்க்காமல் மட்டும் போய்விடாதீர்கள்.

[திரையில்: 1959]

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் 19 நாடுகளின் தபால், தொலைபேசித் துறைகள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கின. அதன் பெயர் செப்ட். இன்று அதில் 46 நாடுகள். ரஷ்யாவும் பெலாரஸும் 2022-இல் இடைநிறுத்தப்பட்டன. அலுவலகம் கோபன்ஹேகனில் இருக்கிறது. இது ஐரோப்பிய ஒன்றியம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். துருக்கி, நார்வே, சுவிட்சர்லாந்து, உக்ரைன், வாட்டிகன் எல்லாம் இதில் உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் இதை விட்டுப் போகவில்லை.

சரி, இனி 1980-களுக்கு வருவோம்.

அப்போது ஐரோப்பாவில் கார் போன் வைத்திருப்பவர் பெரிய ஆள். ஆனால் ஜெர்மனியில் வாங்கிய போன் பிரான்ஸுக்குள் நுழைந்ததும் வெறும் பெட்டி. ஜெர்மனியில் சி-நெட்ஸ், பிரான்ஸில் ரேடியோகாம் 2000, பிரிட்டனில் டாக்ஸ், நார்டிக் நாடுகளில் என்.எம்.டி. என்று ஒவ்வொன்றும் தனித்தனி முறை. இதில் நார்டிக் நாடுகள் மட்டும் 1981-லேயே தங்களுக்குள் ஒரே முறையை வைத்துக்கொண்டன. எல்லை தாண்டியும் பேச முடியும் என்று நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

1982-இல் செப்ட் ஒரு குழுவை அமைத்தது. ஐரோப்பா முழுக்க ஒரே டிஜிட்டல் செல்போன் முறை வேண்டும் என்பது அதன் வேலை. அதுதான் ஜி.எஸ்.எம். இதில் பெரிய சண்டையும் நடந்தது. பிரான்ஸும் ஜெர்மனியும் ஒரு தொழில்நுட்பத்தை விரும்பின, மற்ற பெரும்பாலான நாடுகள் வேறொன்றைக் கேட்டன. 1986-இல் பாரிஸில் போட்டி மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 1987-இல் அமைச்சர்கள் அளவில் பேசித்தான் அந்த இரண்டு நாடுகளும் இறங்கி வந்தன. அதே வருடம் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இதற்கு இடம் ஒதுக்கச் சொல்லி, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம் ஒரு சட்டம் போட்டது. செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைபேசி அமைப்புகள் கையெழுத்திட்டன: 1991-க்குள் சேவை தொடங்கியாக வேண்டும்.

அந்தக் கையெழுத்துதான் என் பார்வையில் இந்தக் கதையின் உச்சம். தொழில்நுட்ப விவரங்கள் முழுதாக எழுதி முடியவில்லை, கருவி இல்லை, சந்தையும் இல்லை. ஆனால் இத்தனை நாடுகள் ஒன்றாக வாங்கப் போகின்றன என்று தெரிந்ததால், தயாரிப்பாளர்கள் துணிந்து பணம் போட்டார்கள். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி ஜி.எஸ்.எம். வலையமைப்பில் முதல் அழைப்பைச் செய்தார். நான்கே வருடத்தில், 1995 ஜூலை 31 அன்று, கல்கத்தாவில் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பைச் செய்தபோது அதுவும் ஜி.எஸ்.எம்.தான். நம் முதல் நோக்கியாவுக்குள் இருந்த விதிகள் ஐரோப்பியக் குழு அறைகளில் வரிவரியாகச் சண்டை போட்டு எழுதப்பட்டவை.

[திரையில்: பாசல் நகரம், ரைன் ஆறு]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாடுகள் சந்திக்கும் இடம். டிராமில் ஏறினால் பிரான்ஸுக்கும் போகலாம், ஜெர்மனிக்கும் போகலாம். மூன்று நாட்டு நிறுவனங்களின் டவர்களும் அங்கே ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. எல்லைக்கோட்டோடு நிற்கச் சொன்னால் சிக்னல் நிற்காது. அப்புறம் எப்படி ஒன்றையொன்று கெடுக்காமல் ஓடுகின்றன?

முதல் ஏற்பாடு கணக்கு. உங்கள் டவரின் சிக்னல் எல்லைக்கோட்டில் எவ்வளவு வலுவாக விழலாம் என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம். தாண்டினால் பக்கத்து நாட்டோடு பேச வேண்டும். ஆனால் அந்த எண்ணை யார் கணக்கிடுவது? நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவர்கள் ஒன்று சொல்வார்கள். அதனால் 17 நாடுகள் சேர்ந்து ஹெச்.சி.எம். என்று ஓர் ஒப்பந்தம் போட்டு, கணக்கிடும் முறையையே பொதுவாக்கிவிட்டன. ஒரே மென்பொருள், மலையும் பள்ளமும் பதிந்த ஒரே வகை நிலத் தரவு. எந்த ஊரில் இருந்து கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. இவ்வளவு எளிமையான யோசனையை அரசுகள் ஏற்றுக்கொண்டது என்னை இன்னமும் ஆச்சரியப்படுத்துகிறது.

இரண்டாவது ஏற்பாடுதான் நான் சொன்ன வரைபடம்.

[திரையில்: ஐரோப்பிய வரைபடம், நாடுகள் மீது 1, 2, 3, 4 என்ற எண்கள்]

4ஜி-யில் ஒவ்வொரு டவர் பகுதிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மொத்தம் 504 எண்கள்தான், 0 முதல் 503 வரை. உலகம் முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டவர்கள் ஒரே எண்ணை வைத்திருந்தால் போன் குழம்பிவிடும். நாட்டுக்குள்ளே என்றால் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். எல்லையில் பக்கத்து நாட்டு நிறுவனம் எந்த எண்ணை வைத்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

செப்ட் என்ன செய்தது தெரியுமா? 504 எண்களை ஆறு தொகுதிகளாகப் பிரித்தது. தொகுதிக்கு 84. அப்புறம் ஐரோப்பாவின் ஒவ்வொரு நாட்டையும் 1, 2, 3, 4 என்று நான்கு வகையில் ஒன்றில் சேர்த்தது. சுவிட்சர்லாந்து 1, ஜெர்மனி 2, பிரான்ஸ் 3. பெல்ஜியம் 1, லக்சம்பர்க் 4. அடுத்தடுத்து இருக்கும் நாடுகளுக்கு ஒரே எண் வரக் கூடாது. பிரான்ஸும் நெதர்லாந்தும் இரண்டுமே 3, ஏனென்றால் நடுவில் பெல்ஜியம் இருக்கிறது. எந்தத் தொகுதி யாருக்கு என்பதை இந்த வகை எண்தான் சொல்லும். இரண்டு நாட்டு எல்லையில் ஆளுக்கு மூன்று தொகுதி. மூன்று நாடு சந்திக்கும் பாசல் போன்ற இடத்தில் ஆளுக்கு இரண்டு தொகுதி. எல்லையை விட்டு உள்ளே போய்விட்டால் எல்லா எண்ணும் உங்களுக்கே.

கணிதம் பிடித்தவர்கள் இந்நேரம் நாற்காலி நுனிக்கு வந்திருப்பீர்கள். எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் நிரப்ப நான்கு நிறம் போதும் என்ற தேற்றம் உங்களுக்குத் தெரியும். நூறு வருடத்துக்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்து, 1976-இல் கணினி உதவியோடு நிரூபிக்கப்பட்டது. அந்த நான்கு நிறம் இன்று எல்லைப்புற டவர்களில் நான்கு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது! வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு ஆஸ்திரியாவின் எண் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்து, ஸ்லோவேனியா 1. ஜெர்மனி, இத்தாலி, ஹங்கேரி 2. லிக்டன்ஸ்டைன், ஸ்லோவாக்கியா 4. விடையைக் கமெண்டில் போடுங்கள்.

5ஜி வந்தபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் டவர் ஒரே அலைவரிசையில் கொஞ்ச நேரம் பேசும், கொஞ்ச நேரம் கேட்கும். ஒருவர் காதோரம் கத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தூரத்துக் குரலைக் கேட்க முயன்றால் எப்படி இருக்கும்? எல்லையின் இரண்டு பக்கமும் நேரத்தை மைக்ரோ நொடிக் கணக்கில் ஒத்து வைக்காவிட்டால் அதுதான் நடக்கும். அதனால் கடிகாரத்தையும் சேர்த்து ஒப்பந்தம் போடுகிறார்கள்.

[திரையில்: பிரஸ்ஸல்ஸ்]

செப்ட் எடுக்கும் முடிவுகள் சட்டம் இல்லை. விரும்பிய நாடு பின்பற்றலாம். அதற்குப் பல் முளைத்தது 2002-இல். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் செப்டிடம் ஒரு வேலையை எழுதிக் கொடுக்கும், செப்ட்டின் பொறியாளர்கள் அறிக்கை தருவார்கள், ஆணையம் அதைக் கட்டாய விதியாக மாற்றும். அறிக்கையை எழுதும் மேசையில் ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் சுவிஸ்காரரும் நார்வேக்காரரும் துருக்கிக்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். அரசியல் மேசையில் இடம் இல்லாதவர்களுக்கும் பொறியியல் மேசையில் இடம் இருக்கிறது. இது ரொம்ப நல்ல ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கட்டணம் வேறு கதை. சுவிட்சர்லாந்தில் இருந்து பார்க்கும் நம் ஈழத்து உறவுகளுக்கு இது நன்றாகவே தெரியும். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம் நீக்கப்பட்டது. பாரிஸில் வாங்கிய சிம் பெர்லினிலும் அதே விலைக்கு ஓடும். சுவிட்சர்லாந்து அந்தச் சட்டத்துக்குள் இல்லை. பாசலில் போன் பக்கத்து நாட்டு டவரைப் பிடித்தால், உங்கள் கட்டணத் திட்டத்தைப் பொறுத்து பில் ஏறலாம். எல்லை ஓரத்தில் இருப்பவர்கள் ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

பணம் என்று வந்துவிட்டால் அலைக்கற்றை அந்தந்த நாட்டின் சொத்து. 2000-ஆம் ஆண்டு 3ஜி ஏலத்தில் ஜெர்மனி சுமார் 5,080 கோடி யூரோவும் பிரிட்டன் சுமார் 2,250 கோடி பவுண்டும் வசூலித்தன. பின்லாந்து அதற்கு முந்தைய வருடமே இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஏல அதிகாரத்தைக் கொஞ்சம் பொதுவாக்கலாம் என்று ஆணையம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நாடுகள் தடுத்துவிடுகின்றன.

[திரையில்: மீண்டும் அட்ரியாட்டிக்]

இத்தாலிக்கு வருவோம். 1976-இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் தனியார் ஒலிபரப்புக்கு அனுமதி தந்தது. அதை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்ததோ 1990-இல். நடுவில் 14 வருடம், டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தவர் பிடித்த அலைவரிசையில் உட்கார்ந்தார். பேச்சுச் சுதந்திரம் என்ற வகையில் அது மகத்தான காலம். பல ஊர்களில் முதல்முறையாகச் சாதாரண மனிதர்களின் குரல் காற்றில் ஏறியது. ஆனால் 1984-இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி எஃப்.எம். அலைவரிசைகளைப் பங்கிட்டபோது, இத்தாலியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பல நிலையங்கள் அந்தப் பங்கீட்டுக்குள் வரவில்லை. கோடை மாலைகளில் சூடான கடல் மேல் எஃப்.எம். அலை வெகுதூரம் போகும். ஸ்லோவேனியா, குரோஷியா, மால்டா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லாம் புகார் கொடுத்தன. தொலைக்காட்சிப் பக்கம், நிலையங்களுக்கு இழப்பீடு கொடுத்து அலைவரிசையைக் காலி செய்யவைத்ததில் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. எஃப்.எம். இன்னும் இழுக்கிறது. நிலையம் நடத்துபவருக்கு அது பிழைப்பு, அண்டை நாட்டுக்கு அது உரிமை. நான் அண்டை நாட்டின் பக்கம்தான். ஆனாலும் இழப்பீடு தராமல் அந்தச் சின்ன நிலையங்களை மூடச் சொல்வதும் நியாயம் இல்லை.

அடுத்த பெரிய மோதல் 6 கிகாஹெர்ட்ஸில். அமெரிக்கா 2020-இல் அந்தப் பகுதி முழுவதையும் வைஃபைக்குத் திறந்துவிட்டது. ஐரோப்பா 2021-இல் கீழ்ப் பகுதியை மட்டும் வைஃபைக்குக் கொடுத்தது. 6425 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மேல் பகுதியை செல்போன் நிறுவனங்களும் கேட்கின்றன. எனக்குக் கேட்டால், வீட்டுக்குள்ளேதான் நாம் அதிக டேட்டா செலவழிக்கிறோம், அதனால் அதில் கணிசமான பங்கு வைஃபைக்குப் போக வேண்டும். எந்த அலைவரிசை எதற்கு என்று உலக நாடுகள் கூடி முடிவெடுக்கும் உலக ரேடியோ மாநாடு அடுத்து 2027-இல் ஷாங்காயில் கூடுகிறது. அங்கே ஐரோப்பா ஒரே குரலில் பேச செப்ட் பொது முன்மொழிவுகளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் ஆசிய பசிபிக் குழுவோடு அங்கே இருக்கும். 6 கிகாஹெர்ட்ஸின் மேல் பகுதி யாருக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.