ஜன்னல் வழியா கடத்தப்பட்ட பிஷப்: காந்த்-சேன்-மார்த்தேன், பிரான்ஸ்

வணக்கம் மக்களே! கேக்குதா? மைக்ல 'கொர்ர்'னு காத்து சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இந்தக் காத்தைப் பத்தியே பின்னாடி பேசணும்.

நான் இப்போ காந்த்-சேன்-மார்த்தேன்ல இருக்கேன். காலையில சோமூர்ல இருந்து சைக்கிள்ல வந்தேன். லுவார் ஆத்தை ஒட்டி ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை இருக்கு, அதுல ஒரு சின்னத் துண்டுதான் நான் மிதிச்சது. அலுப்பே தெரியல. ஊர்ல மொத்தமே சுமார் 200 பேர்தான். நவம்பர் வேற, ஒரு காபிக் கடைகூட திறக்கல. பையில கெடந்த வாழைப்பழத்துலதான் வண்டி ஓடுது.

சர்ச்சுக்குப் பின்னாடி சந்துல மூச்சு வாங்க ஏறினா இந்த இடம். கேமராவைத் திருப்பறேன், பாருங்க. கிட்ட வர்றது வியென் ஆறு, அந்தப் பக்கம் லுவார். சரியா இங்கதான் கூடுதுறை. ரெண்டும் ஒண்ணாகி இடது பக்கமா, மேற்கே அட்லாண்டிக்கைப் பாத்துப் போகுது.

வீடெல்லாம் வெள்ளையா இருக்குல்ல? துஃபோன்னு ஒரு சுண்ணாம்புக்கல். நகத்தால கீறினாலே மாவு மாதிரி உதிருது. சுவத்துல சாஞ்சு போட்டோ எடுத்தேன், பாருங்க என் முதுகை!

சரி, கதைக்கு வருவோம். தூர் நகரத்து பிஷப் மார்ட்டின், பிரெஞ்சுல சேன் மார்த்தேன். பட்டாளத்துல இருந்தப்போ குளிர்ல நடுங்கின பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால ரெண்டாக் கிழிச்சுக் கொடுத்தாரே, அவர்தான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஞாபகம் வருதா? இவர் பாதியைத் தனக்கு வச்சுக்கிட்டார், விவரமான ஆளு. அந்த மேலங்கியை வச்சிருந்த இடத்துக்கு வந்த பேர்ல இருந்துதான் சின்ன ஜெப ஆலயத்தைச் சொல்ற 'சேப்பல்'ங்கிற வார்த்தையே.

397 நவம்பர்ல இந்த ஊருக்கு வந்தவர் இங்கயே இறந்துட்டார். உடனே சண்டை. புவாத்தியே ஊர்க்காரங்க, "எங்க ஊர்லதான் முதல்ல துறவியா இருந்தார், உடம்பு எங்களுக்குத்தான்"ங்கிறாங்க. தூர்க்காரங்க, "எங்க பிஷப்பு"ங்கிறாங்க. பொழுது சாஞ்சிடுச்சு. உடம்பை நடுவுல வச்சு, கதவைப் பூட்டி, ரெண்டு கோஷ்டியும் காவல் உக்காந்தாங்க. நடுராத்திரி புவாத்தியே ஆளுங்க மொத்தமா தூங்கிட்டாங்க. ஒருத்தன் முழிச்சிருந்திருக்கக் கூடாதா! தூர்க்காரங்க சத்தமில்லாம உடம்பை ஜன்னல் வழியா வெளிய கொடுத்து, படகுல ஏத்திக் கிளம்பிட்டாங்க. சரி, கமுக்கமா போனாங்களா? இல்ல, சங்கீதம் பாடிக்கிட்டே போனாங்க. அந்தச் சத்தத்துலதான் இவங்க கண்ணையே முழிச்சாங்க!

இதை எழுதி வச்சது கிரகோரி, 6ஆம் நூற்றாண்டுல அதே தூர் நகரத்துல பிஷப்பா இருந்தவர். அதனால இது ஜெயிச்ச கட்சி சொன்ன கதை, ஞாபகம் வச்சுக்கோங்க.

கீழ தெரியுற சர்ச்சு மார்ட்டின் இறந்த இடத்துல, 1175 வாக்குல கட்ட ஆரம்பிச்சது. பின்னாடி 15ஆம் நூற்றாண்டுல கோட்டை மாதிரி பலப்படுத்தியிருக்காங்க. உள்ள ஒரு கண்ணாடி ஓவியத்துல அந்த ஜன்னல் காட்சியே இருக்கு. வாசல் மண்டபத்தோட கூரையை நடுவுல ஒல்லியா ஒரே ஒரு தூண் தாங்குது. பத்து நிமிஷம் அதையேதான் அண்ணாந்து பாத்துட்டு நின்னேன்.

இப்போ காத்துக்கு வரேன். தூர் நகரம் கிழக்க, ஆத்துக்கு எதிர்த்திசையில இருக்கு. படகு பாயும் துடுப்பும் இல்லாம தானாவே போச்சு, ரெண்டு கரையிலயும் நவம்பர்ல பூப் பூத்துச்சுன்னு சொல்வாங்க. நவம்பர்ல திடீர்னு வெயில் அடிச்சா, 'சேன் மார்த்தேன் கோடை'ன்னு இன்னைக்கும் பிரெஞ்சுக்காரங்க சொல்றாங்க. பூவை விடுங்க. இங்க அடிக்கிறது பெரும்பாலும் கடல்ல இருந்து வர்ற மேற்குக் காத்து. லுவார் படகுக்காரங்க கீழ வர்றதுக்கு ஆத்தோட்டம், மேல போறதுக்குப் பாய் விரிச்சு இந்தக் காத்துன்னுதான் காலங்காலமா பொழைச்சாங்க. பாயே இல்லாமப் போச்சுங்கிறதுதான் கொஞ்சம் ஓவர்.

ஐயோ, ஒரு நிமிஷம்... காலையில நான் வந்ததும் கிழக்கத்தானே? அதான் சைக்கிள் அப்படி வழுக்கிட்டு வந்துச்சா! அப்போ இனி சோமூர் வரைக்கும் எதிர்க்காத்து. இருட்டறதுக்குள்ள கிளம்பறேன் மக்களே, பை!