கை குறைந்த கரை

அவையோருக்கு வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்குக் ‘கைவிடப்பட்ட தீவு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அழைப்பிதழ் அடித்தவர்கள்மேல் தப்பில்லை. நான் கொடுத்த தலைப்புதான். ஆனால் அந்தத் தீவுக்குப் போகும் முன்பே கொடுத்துவிட்டேன். போய் வந்த பிறகு எனக்கும் அந்தத் தலைப்புக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டையைத்தான் இன்று உங்கள் முன்னால் போடப்போகிறேன்.

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டத்தில், டிங்கிள் தீபகற்பம் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் நுனியில் இருப்பது டன்மோர் முனை. அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்குக் கோடி அது. அதற்கு எதிரே சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி கிரேட் பிளாஸ்கட் தீவு. அதற்கப்பால் சில சின்னத் தீவுகள், அப்புறம் அமெரிக்காவரைக்கும் தண்ணீர்தான்.

முதல் நாள் முனைக்குப் போனேன். கூமினூல் கடற்கரைக்கு மேலே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பாதை என்று சொல்வதற்கு ஆடுகள் போட்ட தடம்தான் இருக்கிறது. புல் கட்டையாக, ஈரமாக, சறுக்குகிறது. மரம் ஒன்றுகூடக் கிடையாது. காற்று நம்மைத் தள்ளுகிறது என்று சொன்னால் போதாது, நாமே அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறோம். அது சட்டென்று ஓய்ந்தால் முகம் குப்புற விழவேண்டியதுதான். பாறைகள் நேராக நிற்கவில்லை. ஏதோ ஒரு காலத்தில் மடங்கிச் சாய்ந்த அடுக்குகள், கத்தி விளிம்பு மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கின்றன. இடையில் கடல் புகுந்து புகுந்து அறுத்திருக்கிறது.

உச்சியில் ஒரு கல் நிற்கிறது. அதன் விளிம்பில் வெட்டு வெட்டாகக் கோடுகள். ஓகம் எழுத்து. ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்து வடிவம். கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். இன்னாருடைய மகன் இன்னார், இன்ன குலம் என்பதற்குமேல் இத்தகைய கற்கள் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. நடுகல் பார்த்துப் பழகிய நமக்கு அதன் முன்னால் நிற்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இந்தக் கல்லில் டோவினியா என்ற பெயர் இருக்கிறது. அந்தத் தீபகற்பத்து மக்கள் தங்கள் குலத்தாயாகச் சொல்லிக்கொண்ட பெயர். பக்கத்திலேயே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடலைக் காவல் பார்க்கக் கட்டிய ஒரு கான்கிரீட் குடிசை. ஆயிரத்தைந்நூறு ஆண்டு நின்ற கல் திடமாக நிற்கிறது. எண்பது ஆண்டுக் கான்கிரீட் பொரிந்து உதிர்கிறது. இதற்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை, கட்டடப் பொறியாளர்கள் இங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முனைக்கும் தீவுக்கும் நடுவில் இருக்கும் நீரிணையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1588 செப்டம்பரில், இங்கிலாந்தைப் பிடிக்கப் போய்த் தோற்றுத் திரும்பிய ஸ்பானியக் கப்பல்களில் சில இந்த நீரிணைக்குள் ஒதுங்கின. சாந்தா மரியா தெ லா ரோசா என்ற கப்பல் நீருக்கடியில் இருந்த பாறையில் மோதி மூழ்கியது. பிழைத்தது ஒரே ஒருவர். அந்தக் கப்பல் கிடந்த இடத்தை 1968இல்தான் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். பீரங்கி வைத்த கப்பலுக்கே அந்தக் கதி என்றால், தார் பூசிய துணிப்படகில் வாரம் தவறாமல் அதைக் கடந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நல்ல வெயிலில் முனையில் நின்று பார்த்தால் இதெல்லாம் நம்பமுடியாது. தீவு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. வெள்ளை மணல் கரை தெரிகிறது. வீட்டுச் சுவர்களைக் கண்ணாலேயே எண்ணலாம். கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. முனையின் ஏமாற்று வேலை அதுதான். நானும் ஏமாந்தேன்.

மறுநாள் டன்குவின் இறங்குதுறைக்குப் போனேன். செங்குத்தான பாறையில் பாம்பு வளைந்த மாதிரி ஒரு கான்கிரீட் பாதை கீழே இறங்குகிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. படகுக்காரர் வானத்தைப் பார்க்கவே இல்லை. கடைசிப் படிக்கட்டில் தண்ணீர் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்று இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் அடித்த புயல், இங்கே சத்தமில்லாமல் நீரை ஏற்றி இறக்குகிறது. குமரிக் கரையில் கள்ளக்கடல் என்பார்களே, அதற்கு உறவுக்காரன். அதற்கு அடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள்தான் போனேன். இரண்டு கிலோமீட்டர் போக நான்கு நாள். விடுமுறைக்கு வந்த எனக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருத்துவரைக் கூட்டிவரக் காத்திருந்தவர்களுக்கு?

தீவில் சரியான துறை கிடையாது. பெரிய படகிலிருந்து ரப்பர் படகுக்கு மாறி, பாசி பிடித்த ஒரு சறுக்கலில் இறங்கவேண்டும். இறங்கினால் ஊர் சரிவில் ஏறுகிறது. வீடுகள் முதுகை மலைக்குள் புதைத்துக்கொண்டு, காற்றுக்குத் தலை குனிந்து இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கூரை இல்லை. பழைய நாளில் கூரைக்கு நாணல் வேய்ந்தார்களாம், அதற்குள்ளேயே கோழிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தனவாம். மேலே கொஞ்சம் உறுதியாக நிற்கும் ஐந்து வீடுகள் 1910 வாக்கில் அரசு வாரியம் கட்டிக்கொடுத்தவை. கீழே வெண்மணல் கரையில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் கூட்டமாகக் கிடந்து, வயிறு நிறைந்த ஜமீன்தார்கள் மாதிரி முனகுகின்றன.

கடை, கோயில், மருத்துவர், பாதிரியார் எதுவும் அந்த ஊரில் எப்போதும் இருந்ததில்லை. ராஜா மட்டும் இருந்தார். சிரிக்காதீர்கள், உண்மைதான். ஊரார் ‘ராஜா’ என்றே கூப்பிட்ட ஒருவர் இருந்தார். அவருடைய வேலை தபால்காரர். கரைக்குப் படகில் போய்க் கடிதம் கொண்டுவந்து கொடுப்பார். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே மிகவும் பயனுள்ள ராஜா அவர்தான்.

கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பெட்டிகளில் ஒருமுறை தேயிலை வந்ததாம். அது என்ன பொருள் என்றே ஊரில் தெரியாது. ஒரு பெண் அதைக் கொதிக்கவைத்துப் பாவாடைக்குச் சாயம் போட்டாள் என்று தீவுக்காரர் தோமாஸ் ஓ கிரிஹன் எழுதி வைத்திருக்கிறார்.

எழுதி வைத்திருக்கிறார் என்றேன். இதுதான் அந்தத் தீவின் அதிசயம். எந்தக் காலத்திலும் இருநூறு பேரை எட்டாத ஊர். அங்கிருந்து 1929க்கும் 1936க்கும் இடையில் மூன்று தன்வரலாறுகள் ஐரிஷ் மொழியில் வந்தன, மூன்றும் இன்றுவரை வாசிக்கப்படுகின்றன. ஓ கிரிஹன் மீனவர். பேச்சு ஐரிஷ், பள்ளிக்கூடத்தில் கற்றதோ ஆங்கிலம். தாய்மொழியை எழுதப் படிக்க அவர் கற்றுக்கொண்டதே நாற்பது வயதை ஒட்டித்தான். 1907இல் நார்வேயிலிருந்து கார்ல் மார்ஸ்ட்ராண்டர் என்ற அறிஞர் மொழி கற்க வந்து இவரிடம் மாணவராக உட்கார்ந்தார். 1910இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து ராபின் ஃபிளவர் வந்தார். அவர் அந்த மண்ணோடு அவ்வளவு ஒட்டிக்கொண்டார், 1946இல் இறந்தபின் அவருடைய சாம்பலைத் தீவில்தான் தூவினார்கள். 1917இல் வந்த இன்னொரு நண்பர், உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள் என்றபோது, மீன்காரன் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது என்று ஓ கிரிஹன் தயங்கினார். அந்த நண்பர் கோர்க்கியை வாசித்துக் காட்டினாராம். ஓஹோ, இப்படியும் எழுதலாமா என்று ஆரம்பித்ததுதான். பெக் சேயர்ஸ் அம்மாளுக்கு ஐரிஷ் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினார். மூன்றாமவர் மொரிஸ் ஓ சல்லிவன், இளைஞர், பிறகு காவல்துறையில் சேர்ந்தவர்.

இனி என் சண்டைக்கு வருகிறேன். இந்த ஊர் எப்படிக் காலியானது? கடல் பொங்கவில்லை. கொள்ளைநோய் இல்லை. படையெடுப்பு இல்லை. என் பதில், கை குறைந்தது.

அவர்களுடைய படகுக்கு நேவோக் என்று பெயர். மெல்லிய மரச் சட்டங்கள்மேல் துணியை இழுத்துக்கட்டித் தார் பூசியது. துடுப்புக்கு அகன்ற முகம் கிடையாது, மெலிந்த கழிதான். கரை சேர்ந்ததும் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கறுப்பு ஆமை மனிதக் கால்களோடு மேடேறுவது போலிருக்கும். அதை அந்தக் கடலில் செலுத்த மூன்று நான்கு பேர் வேண்டும், அதுவும் திடமான தோள்கள். உயிரோடு இருப்பவருக்கு மாவும் உப்பும் கொண்டுவரவும் அந்தத் தோள்கள்தான். இறந்தவரை டன்குவின் கல்லறைக்குக் கொண்டுபோகவும் அந்தத் தோள்கள்தான். ஆகவே கரைக்கும் தீவுக்கும் உள்ள தூரம் என்றுமே ஒன்றாக இருந்ததில்லை. ஊரில் இருபது வயதுக்காரர்கள் நிறைய இருந்தபோது அது பக்கம். அவர்கள் போகப் போக, கடல் ஒரு முழம்கூட அகலாமலேயே, கரை விலகிப் போய்க்கொண்டே இருந்தது.

எங்கே போனார்கள்? பெரும்பாலும் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக்கு. அக்கா முதலில் போவாள். வீட்டுவேலை செய்து காசு சேர்த்துத் தம்பிக்கோ தங்கைக்கோ பயணச்சீட்டு அனுப்புவாள். அவர்கள் அடுத்தவரை இழுப்பார்கள். ஒருவர் கப்பலேறுவதற்கு முந்தின இரவு ஊரே கூடிப் பாடும், ஆடும், அழும். அந்தக் கூட்டத்துக்கு ஐரிஷ் மக்கள் வைத்த பெயர் ‘அமெரிக்க இழவு’. பிணம் இல்லாத இழவு வீடு. போனவர் திரும்பமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்திருக்கும். கையறுநிலை என்று புறத்திலும் ஒரு துறை வைத்திருக்கிறோம். ‘கை அற்றுப் போதல்’. பிளாஸ்கட்டில் அது உவமை இல்லை, கணக்கு.

1916இல் 176 பேர். 1941இல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிள்ளைகள் இல்லை. 1947 தொடக்கத்தில் 24 வயது இளைஞன் ஒருவன் மூளைக்காய்ச்சலில் விழுந்தான். புயல். தொலைபேசித் தொடர்பு அறுந்துகிடந்தது. மருத்துவரும் வரமுடியவில்லை, பாதிரியாரும் வரமுடியவில்லை. அவன் இறந்தான். சவப்பெட்டியும் கரையிலிருந்துதான் வரவேண்டும். அதற்கும் கடல் வழிவிட வேண்டும். இருந்த சில இளைஞர்களில் ஒருவன் அவன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில், புயலில் சிக்கியிருக்கிறோம், சாப்பிட ஒன்றுமில்லை, உணவு அனுப்புங்கள் என்று பிரதமர் டி வலேராவுக்கே தந்தி அடித்தார்கள். உணவு வந்தது. கோடையில் பிரதமரும் வந்து பார்த்தார். எங்களைக் கரையில் குடியேற்றுங்கள் என்று கேட்டார்கள். அதற்கு ஆறு ஆண்டு ஆனது. அரசாங்கக் கோப்புகளுக்கு எந்த நாட்டிலும் துடுப்பு கிடையாது.

1953 நவம்பர் 17. மிஞ்சியிருந்தவர்கள் 22 பேர். ஏற்றிப்போக மீன்பிடிப் படகு வந்தது. அன்றும் கடல் சரியில்லை, சாமான்களை ஏற்றமுடியவில்லை. மேசை நாற்காலிகளை விட்டுவிட்டுப் போனார்கள்.

தீவில் அன்று என்னோடு வந்தவர்களில் ஓர் இளம் தம்பதி. கூரையில்லாத ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு அமைதி, இதை எப்படி விட்டுப்போக மனம் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி? முதல் நாள் முனையில் நின்று நானும் அதையேதான் நினைத்தேன். இரண்டு கிலோமீட்டர்தானே, சமாளித்திருக்கக் கூடாதா என்று. துடுப்புப் பிடிக்காத கைக்கு அப்படித்தான் தோன்றும்.

போய்விட்டார்கள், சரி. எவ்வளவு தூரம் போனார்கள் தெரியுமா? டன்குவினுக்கு. எதிர்க்கரைக்கு. தீவை நேராகப் பார்த்திருக்கும் கரை அது. பெக் சேயர்ஸ் அம்மாளும் 1958இல் இறந்து அங்கேதான் படுத்திருக்கிறார். கல்லறையில் நின்று தலையைத் தூக்கினால் தீவு.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். மனிதர்களைத்தான் ஏற்றிப்போனார்கள். ஆடுகளைத் தீவிலேயே விட்டார்கள். வானிலை நன்றாக இருக்கும் நாட்களில் திரும்பப் படகேறிப் போவார்கள், மயிர் கத்தரிப்பார்கள், குட்டிகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். இன்றைக்கும் அங்கே ஆடு மேய்கிறது. நான் படகுக்குத் திரும்பும்போது ஓர் ஆடு ஒரு வீட்டுக்குள்ளிருந்து, வாசல் வழியாகவே, நிதானமாக வெளியே வந்தது. கழுத்துக்கருகே மயிரில் நீலச் சாயத்தில் ஒரு பட்டை. உடையவருடைய அடையாளம்.