கஞ்சி குடித்த பாவாடைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1840-களில் ஐரோப்பாவில் வரைந்த ஓவியங்களில், பெண்களின் பாவாடை இடுப்புக்குக் கீழே நாலாபக்கமும் அகன்று தரைவரை இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பிக் கூண்டு இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கூண்டு வந்தது பிறகுதான். 1856-இல் பாரிஸில் மில்லியே என்பவர் எஃகு வளையங்கள் கோத்த பாவாடைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய இருபது இருபத்தைந்து ஆண்டுகள் அந்த அகலத்தைத் தாங்கி நின்றவை பருத்தித் துணியும் நூல்கயிறும் குதிரைமயிர் நெசவும் கஞ்சியும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு உள்பாவாடைகள்கூடக் கட்டிக்கொண்டார்கள். அவற்றுக்கு எப்படிக் கஞ்சி போட்டார்கள், அதையே இன்று நம் வீட்டு அடுப்பில் எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் மேடை நாடகங்களுக்கு உடை தைப்பவள். கல்லூரியில் ஆங்கில நாடகம் போடுபவர்கள் பழைய காலத்து கவுன் கேட்டு வருவார்கள். கூடவே, "உள்ளே ஒரு கேன்கேன் வைத்துவிடுங்கள், போதும்" என்பார்கள். நைலான் வலையை அடுக்கடுக்காகச் சுருக்கித் தைத்த கேன்கேன் லெஹங்காவுக்கு நன்றாகவே இருக்கும். 1840-களின் கவுனுக்கு அது ஒத்துவராது. வலை இடுப்பிலேயே உப்பத் தொடங்கிவிடும். நடந்தால் துள்ளும், மேல்துணியை அங்கங்கே முட்டிக்கொண்டு நிற்கும். கஞ்சி போட்ட பருத்தி அப்படியல்ல. இடுப்பில் படிந்திருந்து, கீழே போகப் போக விறைப்பு ஏறும். நடிகை திரும்பினால் பாவாடை மொத்தமும் ஒரே வீச்சில் திரும்பி, ஒரு கணம் தாமதித்து நிற்கும். அந்த அசைவு கிடைத்தால்தான் அந்தக் காலத்துப் பெண் மேடைக்கு வருகிறாள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கஞ்சியால் மட்டும் பாவாடை நிற்காது. துணியைத் தைத்திருக்கும் விதம் பாதி வேலையைச் செய்யும். அந்தக் காலத்தில் இதற்கென்றே கயிறு வைத்த உள்பாவாடை இருந்தது. துணியை மடித்து, மடிப்புக்குள் பருத்திக் கயிற்றை வைத்து, கயிற்றை ஒட்டித் தையல் போடுவார்கள். விளிம்பிலிருந்து மேல்நோக்கி இப்படி வரிசை வரிசையாகப் போகும். சிலவற்றில் நாலைந்து வரிசை, சிலவற்றில் முழங்கால்வரை நெருக்கமாக ஐம்பதுக்கும் மேல். கஞ்சியில் முக்கினால் கயிறும் குடிக்கும், துணியும் குடிக்கும். காய்ந்ததும் ஒவ்வொரு கயிறும் ஒரு வளையமாக விறைத்து நிற்கும். கயிறு கண்டிப்பாகப் பருத்தியாக இருக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் நைலான் கயிறு கஞ்சியைக் குடிக்காது. இதற்கு மேலே கட்டும் பாவாடைகளில் கயிறு வேண்டாம், குறுக்கு மடிப்புகள் வைத்துத் தைத்தால் போதும். ஒரு மடிப்பில் துணி மூன்றடுக்கு ஆகிறது, அந்த இடம் கஞ்சியை அதிகம் பிடித்துவைக்கும்.

துணிக்கு லாங்கிளாத் எடுங்கள். மல் துணி மேலடுக்குக்கு ஆகும், அடியில் தாங்காது. பாலியஸ்டர் கலந்தது எதுவும் வேண்டாம். விளிம்புச் சுற்றளவு மூன்று மீட்டர் வைத்தால் நம் மேடைகளுக்குப் போதும். தைப்பதற்கு முன் துணியை வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள். புதுத் துணியில் ஆலைக்காரர்கள் போட்ட கஞ்சி இருக்கும். அதை எடுத்தால்தான் நாம் போடுவது இழைக்குள் இறங்கும்.

ஐரோப்பாவில் கஞ்சி ஒரு தனிக் கலையாக மதிக்கப்பட்டது. 1564-இல் ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண்மணி கணவருடன் லண்டனுக்கு வந்தார். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகப் பெரிய பட்டைகள் அணிந்த காலம் அது. கஞ்சி இல்லாவிட்டால் அந்தப் பட்டைகள் தோளில் சரிந்துவிடும். அவற்றுக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொடுக்க அவர் நான்கைந்து பவுண்டு வாங்கினார். கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடுக்கத் தனியாக இன்னொரு 20 ஷில்லிங். காய்ச்சுவதற்கும் போடுவதற்கும் தனித்தனிக் கட்டணம் கேட்டது நியாயம்தான். செய்து பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அந்தக் காலத்தில் கஞ்சிக்குக் காட்டுச் செடி ஒன்றின் கிழங்கையும் பயன்படுத்தினார்கள். நம் சேனை, சேம்பு குடும்பத்துச் செடி அது. சேனை நறுக்கினால் கை அரிக்கும் அல்லவா, அந்தக் கிழங்கு அதைவிட மோசம். வெளுப்பவர்களின் கையில் கொப்புளமே போட்டுவிடும் என்று 1597-இல் வந்த மூலிகை நூல் ஒன்று பதிவு செய்திருக்கிறது. வெள்ளைவெளேர் என்று நிற்கும் கழுத்துப் பட்டையை ஓவியத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வரும்.

பிறகு நெடுங்காலம் கோதுமைக் கஞ்சிதான். 1840-இல் ஆர்லாண்டோ ஜோன்ஸ் என்பவர், காரநீரில் அரிசியை ஊறவைத்து மாவுச்சத்தைப் பிரிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில்தான் ஐசக் ரெக்கிட், இங்கிலாந்தின் ஹல் நகரில் கஞ்சி மாவு ஆலை ஒன்றை ஏற்று நடத்தத் தொடங்கினார். அமெரிக்காவில் தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு மக்காச்சோளத்திலிருந்து கஞ்சி மாவு எடுக்கும் வழி கண்டு, 1848-இல் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோவில் ஆலை வைத்தார். பாவாடை அகன்றுகொண்டே போன அதே ஆண்டுகளில் கஞ்சி மாவும் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்தது.

சரி, அடுப்புக்கு வருவோம்.

மாவுச்சத்து என்பது மிக நுண்ணிய மணிகள். பச்சைத் தண்ணீரில் அவை கரையாது, அடியில் தங்கிவிடும். 60 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குள் மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கி உடையும். அப்போதுதான் கஞ்சி கெட்டிப்பட்டுக் கண்ணாடி நிறத்துக்கு வரும். துணியில் இறங்கிக் காய்ந்தபின் இழைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலமாகி அவற்றைப் பிணைத்துவிடுகிறது. விறைப்பு என்பது இந்தப் பிணைப்புதான். சட்டைக் காலருக்கு மாவைப் பச்சையாகவே தண்ணீரில் கலக்கித் துணியை முக்கி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே வேகவைக்கும் முறையும் உண்டு. அதில் பலகை மாதிரி விறைப்பு வரும். பாவாடைக்கு அவ்வளவு கூடாது. மடங்காத பாவாடையுடன் யாரும் நாற்காலியில் உட்கார முடியாது. அதனால் காய்ச்சிய கஞ்சிதான்.

எந்த மாவு என்று கேட்பீர்கள். அரிசி மாவுச்சத்தின் மணிகள் மிகச் சிறியவை, நெருக்கமான நெசவுக்குள்ளும் புகும். ஆனால் நாம் வீட்டில் வடிக்கும் கஞ்சி வேட்டிக்குப் போதுமே தவிர இதற்குக் காணாது. ஒருநாள் கெட்டியாக இருக்கும், மறுநாள் நீர்த்திருக்கும், அளவு பிடிபடாது. மைதாவை நான் சேர்ப்பதில்லை. அதிலுள்ள பசைப்புரதம் நாளானால் மஞ்சளிக்கும், செதில் செதிலாக உதிரும். பழைய ஐரோப்பிய ஆலைகளில் கோதுமையிலிருந்து அந்தப் பசையைப் பிரித்துத் தள்ளிவிட்டுத்தான் கஞ்சி மாவு எடுத்தார்கள். ஜவ்வரிசிக் கஞ்சி அருமையானது, பருத்திப் புடவைக்குப் போடுபவர்களுக்குத் தெரியும். மெல்லிய பளபளப்புத் தரும், மேல் பாவாடைகளுக்கு அதைத்தான் போடுகிறேன். கயிறு வைத்த அடிப்பாவாடைக்குக் கார்ன்ஃப்ளவர். எந்த மளிகைக் கடையிலும் ஒரே தரத்தில் கிடைக்கும். ஸ்ப்ரே டப்பாவில் வருவதை இதற்கு வாங்க வேண்டாம். அது துணியின் மேற்பரப்பில் நிற்கும், கயிறுவரை போகாது.

விக்டோரியா காலத்துக் குடும்பக் கையேடுகளில் வரும் அளவு, இரண்டு மேசைக்கரண்டி கஞ்சி மாவுக்கு அரை பைன்ட் பச்சைத் தண்ணீர், ஒரு குவார்ட் கொதிநீர். நம் கணக்கில் 300 மில்லியும் 1,100 மில்லியும் என்று வைத்துக்கொள்ளலாம். இது சாதாரணத் துணிக்கான பதம். கயிறு வைத்த பாவாடைக்கு நான் லிட்டருக்கு நான்கு மேசைக்கரண்டி போடுகிறேன். ஒரு பாவாடைக்கு இரண்டு லிட்டராவது காய்ச்சுங்கள், கயிறு நிறையக் குடிக்கும்.

மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மீதித் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, ஒரு கையால் கிண்டிக்கொண்டே மறு கையால் கரைசலை ஊற்றுங்கள். பால் நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆன பிறகும் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வேகட்டும். அரைவேக்காட்டில் இறக்கினால் காய்ந்தபின் துணியில் வெள்ளைப் பொடி தட்டும். நீர்க்கப் பாயசம் என்கிற பதத்தில் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆங்கிலேய வீடுகளில் இந்தச் சூட்டில் ஒரு மெழுகுவர்த்தியை விட்டு இரண்டு மூன்று சுற்றுக் கலக்குவார்கள். கரைந்த மெழுகால் இஸ்திரிப் பெட்டி ஒட்டாமல் வழுக்கிப் போகும். ஒரு சிட்டிகை உப்பும் அதே காரணத்துக்காகத்தான். வெள்ளைப் பாவாடை என்றால் இரண்டு சொட்டு நீலம் விடலாம்.

துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, உதறி வைத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் கஞ்சி இருக்கும்போது விளிம்புப் பக்கத்தை முதலில் இறக்குங்கள். முழங்கால் உயரம்வரை கெட்டிக் கஞ்சி. கயிறு இருக்கும் வரிசைகளை விரலால் அழுத்தி அழுத்திக் குடிக்க வையுங்கள். மிச்சமிருப்பதில் அதே அளவு வெந்நீர் கலந்து, முழங்காலுக்கு மேலே அதைத் தடவுங்கள். இடுப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்குக் கஞ்சியே வேண்டாம். கொசுவம் படிந்து நிற்க வேண்டிய இடம் அது. அங்கே விறைத்தால் இடுப்பு பருத்துத் தெரியும், நாடாவும் இறுக்கிக் கட்ட வராது. முறுக்கிப் பிழியாதீர்கள், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுங்கள்.

காயவைப்பதில்தான் வடிவம் பிறக்கிறது. கயிறு வைத்த பாவாடையைக் கொடியில் மடித்துப் போட்டால், மடித்த இடத்தில் கயிறு உடைந்த மாதிரி மடங்கியே காய்ந்துவிடும். பெரிய குடை ஒன்றை விரித்துக் கட்டித் தொங்கவிட்டு, அதன் மேல் பாவாடையை மாட்டுங்கள். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் விட்டமுள்ள குடையின் சுற்றளவு மூன்று மீட்டர் கடக்கும், நம் விளிம்பின் அளவும் அதுதானே. கறுப்புக் குடை என்றால் சாயம் இறங்கும், முதலில் ஒரு பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள். பாதி காய்ந்ததும் விளிம்பைச் சுற்றி வந்து கயிறுகளைக் கையால் நேராக்கிவிடுங்கள். இதற்கு இஸ்திரி தேவையே இல்லை. மேல் பாவாடைகளைக் கொடியிலேயே காயவிட்டு, அப்புறம் தண்ணீர் தெளித்துச் சுருட்டி, ஒரு துண்டில் பொதிந்து சில மணி நேரம் வையுங்கள். ஈரம் சமமாகப் பரவியபின் உள்பக்கமாகத் தேய்க்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், கஞ்சி துணியைவிடச் சீக்கிரம் கருகும்.

இந்தப் பாவாடைகளைப் பற்றிப் பேசும்போது நெருப்பைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது. அகன்ற மெல்லிய பருத்தி, அடுக்குகளுக்கு நடுவே காற்று. ஒரு பொறி போதும். 1861 ஜூலையில் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவி ஃபேனி உடையில் தீப்பற்றி, மறுநாள் இறந்தார். 1862 நவம்பரில் பாரிஸ் ஓபராவில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக் கலைஞரின் பாவாடை மேடை விளக்கில் பட்டுப் பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். தீப்பிடிக்காத மருந்து தோய்த்த துணி அப்போதே இருந்தது, பொலிவில்லாமல் விறைப்பாக இருக்கிறதென்று அவர் அதை உடுத்த மறுத்திருந்தார். லண்டனில் ஃபெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இரு வேதியியலாளர்கள் பல உப்புகளைச் சோதித்து, இஸ்திரிச் சூட்டையும் தாங்கக்கூடியது சோடியம் டங்ஸ்டேட் என்று 1859-இல் கண்டு சொன்னார்கள். அரண்மனைச் சலவையகத்திலும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனாலும் பெரும்பாலான பெண்கள் சாதாரணக் கஞ்சியோடுதான் இருந்தார்கள். நம் விழா மேடைகளில் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். இந்தப் பாவாடை கட்டியவரை அந்த விளக்கின் பக்கத்திலேயே விடாதீர்கள். விளக்கை ஓரமாக நகர்த்திவிட்டு நாடகத்தைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஈரக்காற்று. கஞ்சிப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இழுத்தால் தளரும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் நாடகம் என்றால் கஞ்சியை முன்தினம் போட்டு, அரங்கில் மாட்டும் நேரம்வரை பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் விரித்தபடியே தொங்கவிடுங்கள். 1950-களில் மேல்நாட்டு இளம்பெண்கள் பாவாடையைச் சர்க்கரைத் தண்ணீரில் முக்கி விறைக்க வைத்தார்கள். அதை இங்கே முயல வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.

நாடகம் முடிந்ததும் கஞ்சியோடு மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். மடித்த கோட்டில் இழை முறியும், நாளாக ஆக மஞ்சள் ஏறும், மாவைத் தேடி வெள்ளிப்பூச்சி வந்து துணியையும் சேர்த்துத் தின்னும். வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வழவழப்பு போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, தளர்ந்த துணியாகவே எடுத்து வையுங்கள். அடுத்த நாடகத்துக்குப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.