வேதாகமத்துக்குள் கிடந்த வாக்காளர் அட்டைகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். நான் திருகோணமலையில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியன். போதகனும் அல்லன், எந்தக் கட்சியின் உறுப்பினனும் அல்லன். கிறிஸ்தவர்கள் அரசியலில் தலையிடலாகாது என்று சிறுவயதில் எனக்குக் கற்பிக்கப்பட்டது. அந்தப் போதனையை நான் எப்படிப் பெற்றேன், இப்போது ஏன் அதை ஏற்றுக்கொள்ள என் மனச்சாட்சி இடந்தரவில்லை என்பதைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறேன்.

அம்மா காலமானபின் அவருடைய வேதாகமம் என் கைக்கு வந்தது. கறுப்புத் தோல் அட்டை, முதுகில் இரண்டு இடத்தில் தையல் விட்டிருந்தது. ஏசாயாவுக்கும் எரேமியாவுக்கும் இடையில் ஏழு வாக்காளர் அட்டைகள் மடிக்கப்படாமல் இருந்தன. தபாற்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே, அம்மாவின் பெயரும் வீட்டிலக்கமும் வாக்களிப்பு நிலையத்தின் பெயரும் மங்காமல் இருந்தன. அவர் வாழ்நாளில் ஒருமுறையும் வாக்களித்ததில்லை. ஆனால் அரசாங்கம் அனுப்பிய கடதாசியைக் குப்பையில் போடவும் மனமில்லாதவர். அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் பென்சிலால், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், ஜெபக் குறிப்புகள் எழுதியிருந்தார். அடுத்த வீட்டுப் பெடியன் விடுதலையாக வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவராகிவிட்டது, குழாய்த் தண்ணீர் வரவேண்டும். பெரியப்பாவின் காணி திரும்பக் கிடைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு அட்டைகளிலும் இத்தகைய வரிகளே இருந்தன. அன்று வெகுநேரம் நான் அந்த மேசையை விட்டு எழும்பவில்லை.

எங்கள் சபை நகரத்தின் வடபுறத்தில், ஓலைக் கூரையிலிருந்து தகரக் கூரைக்கு மாறியிருந்த ஒரு சிறிய சபை. ஞாயிறு பாடசாலையில் எங்களுக்கு இரண்டு சொற்கள் அடிக்கடி சொல்லித்தரப்பட்டன: ஒன்று ‘பரிசுத்தம்’, மற்றது ‘உலகம்’. படமாளிகை, சீட்டாட்டம், மது, நகை ஆகியவற்றோடு அரசியலும் உலகக் காரியங்களின் வரிசையில் சேர்ந்தது. ரோம ஆளுநனான பிலாத்துவிடம் இயேசு சொன்ன ‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்ற வசனத்தையும், நம்முடைய குடியிருப்பு பரலோகத்திலிருக்கிறது என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதையும் மனப்பாடம் செய்தோம். 1977ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி பொதுத்தேர்தல் நடந்தபோது நான் முதன்முறையாக வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றிருந்தேன். அன்று சபையில் காலை முதல் மாலை வரை உபவாச ஜெபம். வெளியே ஒலிபெருக்கி ஓய்ந்து, தெருவில் சனம் வாக்களிப்பு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் பாயில் முழந்தாளிட்டிருந்தேன். அந்த நாளில் நாட்டுக்காக நாங்கள் உண்மையாகவே கண்ணீரோடு மன்றாடினோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே ஆண்டு ஏப்ரலில் தமிழரசுக் கட்சியின் நிறுவனரான எஸ். ஜே. வி. செல்வநாயகம் காலமானார். அவர் அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர். இந்துக்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஒரு மக்கள், வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவரைத் தந்தை என்று அழைத்தார்கள். கிறிஸ்தவர் அரசியலுக்கு வரலாகாதென்றால் இவர் எப்படி வந்தார் என்று சபை மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். ‘தம்பி, அவர் பெயர்க் கிறிஸ்தவர்’ என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பதில் எனக்கு அப்போதே பொருந்தவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கும் துணிவு இருக்கவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் நான் கேட்கவுமில்லை.

எனக்குக் கற்பித்தவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. சூறாவளியின்போதும் கலவரங்களின்போதும் சுனாமியின்போதும் இன மத வேறுபாடு பாராமல் அடுப்பு மூட்டிச் சோறு கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய போதனைக்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. 1527ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் ஷ்லைத்ஹைம் என்ற இடத்தில் கூடிய, வயதுவந்தபின் ஞானஸ்நானம் பெறுவதை வலியுறுத்திய அனபாப்டிஸ்டுக் கிறிஸ்தவர்கள், விசுவாசி வாளேந்தவும் ஆளும் பதவியில் அமரவும் கூடாதென்று எழுதிவைத்தார்கள். அதை வரைந்தவராகக் கருதப்படும் மிக்கேல் சட்லர் சில மாதங்களுக்குள் எரிக்கப்பட்டார். அரசும் சபையும் ஒரே கையில் இருந்து, மாற்றுக் கருத்துடையவர்களைக் கொன்ற காலத்தில் அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். அது விலைகொடுத்து எடுத்த முடிவு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் அரசன் ஆண்ட காலத்தில் குடிகளுக்கு எழுதப்பட்ட ஒழுங்கை, குடிகளே ஆளுகைக்கு உரியவர்களான காலத்துக்கு அப்படியே எடுத்துவைப்பது சரியாகுமா என்பதே என் கேள்வி.

ரோமர் 13ஆம் அதிகாரத்தை நம் சபைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியவேண்டும், தேவனாலேயன்றி ஓர் அதிகாரமுமில்லை என்று பவுல் எழுதுகிறார். அதை வாசித்துவிட்டு, ஆகவே பேசாமலிருங்கள் என்று முடிப்பார்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை, இறைமை மக்களுக்குரியது, அது பராதீனப்படுத்த முடியாதது, அதாவது பிறருக்குக் கைமாற்ற முடியாதது என்று கூறுகிறது. ஆட்சி அதிகாரங்களோடு அடிப்படை உரிமைகளும் வாக்குரிமையும் அந்த இறைமையில் அடங்குகின்றன. அப்படியானால் இந்த நாட்டில் மேலான அதிகாரம் என்பதில் என் அம்மாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. கடவுளால் நியமிக்கப்பட்டதென்று பவுல் சொன்ன அதிகாரத்தின் ஒரு சிறு துண்டு அவருடைய வேதாகமத்துக்குள்ளேயே கிடந்தது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது கீழ்ப்படிதல் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. கணக்கில் எங்கோ ஓர் அடி தவறியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பிலாத்துவிடம் சொன்ன வார்த்தையையும் திரும்ப வாசித்தேன். மூலமொழியின் சொல், ராஜ்யம் இந்த உலகத்திலிருந்து பிறந்ததல்ல என்ற பொருளைத் தருகிறது. இந்த உலகத்தைப் பற்றி அதற்கு அக்கறையில்லை என்று அங்கே இல்லை. தம் ஊழியக்காரர் போராடமாட்டார்கள் என்பதையே இயேசு அதே வசனத்தில் விளக்கமாகச் சொல்கிறார். பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதிய அதே பவுல், பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்டபின், இரகசியமாக வெளியே போகச் சொன்ன அதிகாரிகளிடம், தாங்கள் ரோமர் என்று சொல்லி, அவர்களே வந்து வெளியே அழைத்துவிட வேண்டுமென்று மறுத்து நின்றார். பின்னர் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேன்முறையீடு செய்தார். தம் குடியுரிமையை அவர் உலகக் காரியமென்று ஒதுக்கிவைக்கவில்லை.

2004ஆம் ஆண்டு, பலவந்த மதமாற்றத்தைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கிறிஸ்தவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் தீர்மானித்தது. எங்கள் சபையும் அதற்காக நன்றி செலுத்தியது. புதிய ஆராதனைக் கட்டடத்துக்கு அனுமதி தடைப்படும்போதும் எங்கள் மூப்பர்கள் பிரதேச சபை உறுப்பினரைத் தேடிப் போவதை நான் கண்டிருக்கிறேன். அப்படிப் போனது சரியே. ஆனால் எங்கள் ஆராதனைக்கு இடையூறு வந்தபோது திறந்த அந்தக் கதவு, அயலவனுக்கு அநியாயம் நடந்தபோது ஏன் திறக்கவில்லை?

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி, எங்கள் நகரத்துக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில், பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிப்போம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டது. பிள்ளைகளின் பெயர்கள் சொல்லப்படவில்லை, கொலை என்ற சொல்லும் வரவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை. அச்சம் காரணம் என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை. அந்த நாட்களில் அச்சப்படாதவர் இங்கே யார்? ஆனால் அந்த அச்சத்துக்கு நாங்கள் பரிசுத்தம் என்ற பெயரை வைத்தோம். அது தான் என்னை இன்றுவரை வருத்துகிறது. பயந்துபோனோம் என்று ஒத்துக்கொண்டிருந்தால் மனந்திரும்ப ஒரு வழி இருந்திருக்கும்.

அதற்கு ஐந்து ஆண்டுகளின்பின், 2011 ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். அவர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வடக்கே போர் நடந்த வன்னியில் இருந்தோர் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், தரவின்படி 429,059 பேர். போரின் இறுதியில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். நான் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தவன். இரண்டு எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, மீதியைச் சத்தமாக வாசிப்பதற்கு இவ்வளவு விசுவாசம் வேண்டுமென்று அன்றுதான் விளங்கியது. அவர் எங்கள் சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். அவருக்காக எங்கள் சபையில் ஜெபித்த ஞாபகமும் எனக்கில்லை.

திருகோணமலையில் அரசியல் என்றால் முதலில் காணிதான். 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில், பல இடங்களிலிருந்து மக்கள் கால்நடையாகத் திருகோணமலைக்குத் ‘திருமலை யாத்திரை’ வந்து கூடிய மாநாட்டில், செல்வநாயகத்தின் கட்சி வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தமிழ் பேசும் பகுதிகளில் அரசு பிறரைக் குடியேற்றுவதைப் பற்றியது. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். 2015இல்தான் 818 ஏக்கர் காணியை முதலீட்டுக்கு ஒதுக்கியிருந்த அரச வர்த்தமானி அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டு, அவர்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டுகளில் நான் வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வாசித்தது நாபோத்தின் கதை. அரசன் விலை பேசியும், தன் பிதாக்களின் சுதந்தரமான, அதாவது பரம்பரைச் சொத்தான, திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க நாபோத் மறுத்தான். அவனைக் கொல்ல அரசி கடிதம் எழுதி, அரசனின் முத்திரையைப் போட்டாள். அந்தக் கடிதத்தின் முதற் கட்டளை என்ன தெரியுமா, நேயர்களே? உபவாசம் கூறுங்கள் என்பதுதான். அவனுடைய பட்டணத்திலேயே குடியிருந்த மூப்பரும் பெரியோரும் கடிதத்தில் எழுதியிருந்தபடியே செய்தார்கள். ஒருவரும் எதிர்க்கவில்லை. எங்கள் உபவாசம் பொய்யான உபவாசமாக இருக்கவில்லை. ஆனாலும் 1977இன் அந்தப் பாய் என் நினைவுக்கு வராமல் என்னால் அந்த அதிகாரத்தை இப்போது வாசிக்க முடிவதில்லை. தீர்க்கதரிசி எலியாவை ஆண்டவர் அனுப்பியது ஆலயத்துக்கல்ல, அந்தக் காணிக்கே.

இதைச் சொல்வதால் பிரசங்கபீடத்திலிருந்து இன்ன சின்னத்துக்குப் புள்ளடி போடுங்கள் என்று போதகர் சொல்லவேண்டுமென்று நான் கேட்பதாக எண்ணவேண்டாம். அது சபையைக் கட்சியின் கையில் கொடுப்பதாகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம்தான். எங்களுக்கென்று ஒரு பங்கு கேட்கும் அரசியலும் என் நோக்கமல்ல. அயலவன் இந்துவோ முஸ்லிமோ பௌத்தனோ, அவனுடைய நியாயத்துக்காக ஒரு விசுவாசி வாக்காளனாகவும், மனுதாரனாகவும், தேவைப்பட்டால் வேட்பாளனாகவும் நிற்கலாம். அப்படி நிற்பதால் அவனுடைய விசுவாசம் குறைவுபடாது.

ஜெபிப்பவர்களுக்கு அரசியல் எதற்கு என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். லூக்கா 18ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்பதைக் கற்பிக்க இயேசு யாரைக் காட்டினார்? ஆலயத்தில் முழந்தாளிட்ட ஒருவரையல்ல. அநீதியுள்ள ஒரு நியாயாதிபதியிடம் ஓயாமல் போய், எனக்கு நியாயஞ்செய்யும் என்று கேட்டுக்கொண்டேயிருந்த ஒரு விதவையைக் காட்டினார். ஜெபம் என்றால் என்னவென்று விளக்க, ஒரு பெண் முறைப்பாட்டோடு அதிகாரியின் வாசலில் நிற்பதையே அவர் உதாரணமாக எடுத்தார். அம்மா அந்த ஏழு அட்டைகளின் பின்புறத்தில் எழுதியதற்கும் முன்புறத்தில் அச்சிட்டிருந்ததற்கும் இடையில் எங்கள் போதனை ஒரு சுவரை எழுப்பியிருந்தது. அந்தச் சுவர் இந்த உவமையில் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் கணவனை இழந்த ஒரு பெண் இருக்கிறார். அவருடைய மாமனாரின் பெயரில் இருந்த காணி அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. சென்ற மாதம் பொதுமக்கள் தினத்தில் நான் அவரோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். காலை எட்டரைக்குப் போய்ப் பன்னிரண்டு மணிவரை வாங்கில் இருந்தோம். கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலோடு இன்னொரு கடிதமும் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். கோப்பைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, ‘மாஸ்டர், அடுத்த முறையும் வருவீங்களோ?’ என்று கேட்டார். வருகிறேன் தங்கச்சி என்றேன். கடிதத்தை நேற்றிரவு எழுதி முடித்துவிட்டேன். வருகிற வாரம் மறுபடியும் போகிறோம்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.