சிறுகக் கட்டிப் பெருக வாழ்

(எடின்பரோ தமிழர்களின் பொங்கல் விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, மழையோ பனியோ சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளியைத் திறந்துவைக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, விடியற்காலையிலிருந்து பொங்கல் வைத்துவிட்டு இப்போதுதான் கை கழுவிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். நகரமன்ற உறுப்பினர் இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் தம்பிக்கும் நன்றி. நான் பேசப்போவதில் ஒரு பகுதி அவருக்காகவே.

மூன்று விஷயங்கள் சொல்ல வந்தேன். ஒரு விளையாட்டரங்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தரை எப்படி இருக்க வேண்டும், ஜனங்கள் எப்படி வந்துபோக வேண்டும். உதாரணத்துக்கு நம் ஊரைத் தாண்ட வேண்டாம். டிராம் ஏறினால் மரேஃபீல்டு.

மரேஃபீல்டு 1925ல் திறந்த ரக்பி அரங்கம், ஸ்காட்லாந்து நாட்டு அணி ஆடும் இடம். அன்றைக்கே ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 14-11 என்று ஜெயித்தது. 1975 மார்ச் 1ஆம் தேதி வேல்ஸோடு நடந்த ஆட்டத்துக்கு 1,04,000 பேர் வந்தார்கள். இப்போது 67,000 இருக்கைகளுக்கு மேல் உண்டு, நாட்டு அணி ஆடினால் நிரம்பிவிடும். ஆனால் 1996ல் தொடங்கிய எடின்பரோ ரக்பி என்ற தொழில்முறை அணி அங்கே ஆடிய நாட்களில் பெரும்பாலும் வந்தது சில ஆயிரம் பேர்தான். அது எப்படி இருக்கும் என்பதற்கு என் அப்பா கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2012ல் அப்பா திருவையாற்றிலிருந்து வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டி, அம்மா பின்னிய மப்ளரைச் சுற்றி அழைத்துப் போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஆட்டம் நாளைக்கா?" என்றார். பார்த்த பக்கமெல்லாம் காலி நாற்காலி. பந்தை உதைத்தால் அந்தச் சத்தம் எதிர்ப்பக்கம் போய் மோதித் திரும்பி வந்தது. அப்பா ஊரில் கல்யாணப் பந்தி பார்த்துப் பார்த்துப் பரிமாறியவர். "ஆயிரம் பேருக்குப் பந்தல் போட்டுட்டு அம்பது பேருக்கு இலை போட்ட மாதிரி இருக்குடா. சமைச்சவன் மனசு என்ன பாடுபடும்?" என்றார். இடைவேளைக்கு அப்புறம் எழுந்து நின்றுகொண்டார். யார் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் கை தட்டினார், எந்த அணி என்று பார்க்கவில்லை. "இந்தக் குளிர்ல விளையாடுதுங்க, பாவம் புள்ளைங்க" என்றார். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரப் பெரியவரும் எழுந்து அப்பாவோடு சேர்ந்து தட்ட ஆரம்பித்தார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது, ஆனாலும் கடைசியில் கை குலுக்கிக்கொண்டுதான் பிரிந்தார்கள். திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னார்: "சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு நம்ம ஊர்ல சொல்றது வீட்டுக்கு மட்டும் இல்லடா."

அணிக்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. 2017ல் மைர்சைடு என்ற பள்ளி மைதானத்தில் ஆடிப் பார்த்தார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். கடைசியில் 2021ல், பெரிய அரங்கத்தை ஒட்டி, பயிற்சி மைதானங்கள் இருந்த இடத்திலேயே 7,800 பேருக்கு ஒரு சின்ன அரங்கம் கட்டினார்கள். அடுத்த வருஷம் அப்பா மறுபடி வந்தபோது அங்கே கூட்டிப்போனேன். ஸ்க்ரம் என்று இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது மோதுகிற சத்தம் நம் நெஞ்சில் விழுகிறது. அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சிறுகக் கட்டியதால்தான் அந்த அணி பெருக வாழ்கிறது.

அடுத்தது தரை. பெரிய அரங்கத்தின் புல்லில் 2013ல் கண்ணுக்குத் தெரியாத புழு விழுந்து, பூண்டுச் சாறு தெளித்துப் பார்த்தார்கள். அப்புறம் புல்லையே மாற்றினார்கள். சின்ன அரங்கத்தில் செயற்கைத் தரை. புல்லைப் போல அதற்கு ஓய்வு தேவையில்லை, நிறையப் பேர் ஆடலாம். 2022 முதல் ஸ்காட்லாந்து மகளிர் அணியும் அங்கே ஆடுகிறது. என் மகள் பந்தைக் கையில் எடுத்தது அவர்களைப் பார்த்துத்தான்.

சரி, அவள் எங்கே போய் விளையாடுவாள்? எங்கள் தெருமுனைப் பள்ளியிலும் அதே மாதிரி செயற்கைத் தரை இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. நாலு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். கம்பிவேலிக்கு வெளியே நின்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில். புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. சிறுகக் கட்டியது ஏற்கெனவே இருக்கிறது. பெருக வாழ அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஐயா, நீங்கள் வந்திருக்கும்போது இதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது. வாரத்தில் மூன்று நாள், இரவு எட்டு மணி வரை. பூட்டித் திறக்க ஆள் வேண்டுமென்றால் இந்த மண்டபத்திலேயே பத்துப் பேர் கை தூக்குவார்கள். எங்கே, தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள் ஐயா, பத்துக்கு மேலேயே இருக்கிறது.

மூன்றாவது விஷயம், ஜனங்கள் வந்துபோகும் டிராம் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். கையெழுத்துத் தாள் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பெரியவர்கள் முகவரியும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகள் பின்பக்கத்தில் பெயரும், என்ன விளையாட வேண்டும் என்பதும் எழுதினால் போதும். நன்றி, வணக்கம்.