குறை எழுதிய நோட்டும் கில்லட்டினும்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அய்யா அவர்களே, வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்தப் படிப்பகத்துக்கு நாற்காலியும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்த வெள்ளிப் பட்டறை அண்ணன்களே, கொலுசு வேலையைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் அய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் மேலே போக முடியாது. எனக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தவர் அவர். பாஸ்டில் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் முன்னால் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேசக் கிடைத்தது என் பாக்கியம். மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், அதுவரைக்கும் இருந்து கேட்க வேண்டும்.

சரி. ஒரு ராஜ்யம் ஏன் கவிழ்கிறது? கவிழ்த்த ஜனங்களே அப்புறம் ஏன் ரத்தம் சிந்துகிறார்கள்? கடன், ரொட்டி, பயம் என்று மூன்று காரணம் சொல்லப் போகிறேன். என் அம்மா அடிக்கடி சொல்வார்: சாது மிரண்டால் காடு கொள்ளாது. அதில் காடு கொள்ளாது என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறோம். நடுவில் இருக்கிற ‘மிரண்டால்’ என்ற சொல்லைப் பாருங்கள். வண்டி மாடு தானாக மிரளாது. யாரோ மிரள வைத்திருக்க வேண்டும்.

கடனைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரான்சில் பதினாறாம் லூயி 1774-இல் பட்டத்துக்கு வந்தார். இங்கிலாந்தை எதிர்த்து அமெரிக்கர்கள் நடத்திய சுதந்திரப் போருக்குப் பணத்தை வாரி இறைத்தார். ஏற்கெனவே இருந்த கடன் மலையாகிவிட்டது. பிரபுக்களுக்கும் மதகுருமார்களுக்கும் வரியில் பெரிய சலுகை, சுமையெல்லாம் குடியானவன் தலையில். வேறு வழியில்லாமல், மதகுருமார்கள், பிரபுக்கள், மற்ற ஜனங்கள் என்று 1614-க்குப் பிறகு கூடாமலே கிடந்த மூன்று வகுப்பாரின் சபையை 1789 மே 5 அன்று, ராஜாவின் அரண்மனை இருந்த வெர்சாயில் கூட்டினார்கள்.

அந்தச் சபைக்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஊர் ஊராக மக்களைக் கூட்டி, உங்கள் குறையை எழுதிக் கொடுங்கள் என்று ராஜாவே கேட்டார். ‘கையே’ என்றால் பிரெஞ்சில் நோட்டு. குறை நோட்டு என்றே அதற்குப் பெயர். சுமார் 40,000 நோட்டு! உப்பு வரியைக் குறையுங்கள் என்று எழுதினார்கள். பிரபு வளர்க்கும் புறாக்கள் நாங்கள் விதைத்த விதையைத் தின்றுவிடுகின்றன, அதை விரட்டக்கூட எங்களுக்கு உரிமை இல்லை என்று எழுதினார்கள். நம் வாழப்பாடிப் பக்கத்து விவசாயி, காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிட்டது என்று மனு எழுதுகிறாரே, அதே குரல். ராஜா வேண்டாம் என்று அவர்கள் எழுதவில்லை. ராஜா கேட்கிறார், ராஜா செய்வார் என்று நம்பி எழுதினார்கள்.

நோட்டெல்லாம் வெர்சாய் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டா, வகுப்புக்கு ஒரு ஓட்டா என்று வாரக்கணக்கில் சண்டை. ஜூலை 14 அன்று பாரிஸ் ஜனங்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்தார்கள். அன்றைக்கு ராஜா தன் நாட்குறிப்பில் எழுதியது ‘ஒன்றுமில்லை’ என்ற ஒரே சொல். வேட்டையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள். அப்புறம் கிராமங்களில் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்தன. எரிந்த பிறகுதான், ஆகஸ்ட் 4 இரவு, சபை பிரபுக்களின் அந்தப் புறாக்கூண்டு உரிமையையும் சேர்த்து ரத்து செய்தது. நோட்டில் எழுதிக் கேட்டபோது கிடைக்காதது நெருப்பு வைத்த பிறகு கிடைத்தது. ஒரு தேசமே அந்தக் கோடையில் இதைக் கற்றுக்கொண்டது. தப்பான பாடம்தான். கற்றுக் கொடுத்தது யார்?

இரண்டாவது, ரொட்டி. தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். 1788-இல் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது, பின்னாலேயே கொடும் குளிர். சூ என்பது அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு. 8, 9 சூ விற்ற ரொட்டி 14 சூவைத் தாண்டியது. கூலிக்காரன் ஒரு நாளில் சம்பாதிப்பதே 20, 30 சூதான். ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று ராணி சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, அதை விட்டுவிடுங்கள். 1789 அக்டோபர் 5, காலை. சந்தைக்கு வந்த பெண்களுக்கு ரொட்டி இல்லை. மீன் விற்கிற பெண்கள், காய் விற்கிற பெண்கள். யாரோ ஒருத்தி தம்பட்டம் அடிக்க ஆரம்பிக்கிறாள். கூட்டம் சேர்கிறது. நகர மண்டபத்துக்குள் புகுந்து ஆயுதங்களை எடுத்துக்கொள்கிறார்கள். ராஜாவையே பார்த்துக் கேட்போம் என்று ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். வெர்சாய் இருபது கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு வளைந்து வளைந்து ஏறுகிறோமே, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். கொட்டுகிற மழை. சேற்றில் நடந்து, சாயங்காலம் நனைந்த துணியோடு போய் நிற்கிறார்கள். சில பெண்களை ராஜா உள்ளே கூப்பிட்டார். பேச முன்னால் வந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. ராஜாவைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டாள். பசியோ பயமோ, யாருக்குத் தெரியும்! ராஜா மனம் இளகினார், மாவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதே வார்த்தையை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால்? விடியற்காலையில் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தது. காவலர்களைக் கொன்று, தலையை ஈட்டியில் குத்தி எடுத்துப் போனார்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது. அன்றைக்கே ராஜா குடும்பத்தை வண்டியில் ஏற்றி, கூடவே மாவு வண்டிகளையும் ஓட்டிக்கொண்டு, ‘ரொட்டிக்காரன், ரொட்டிக்காரன் பெண்டாட்டி, ரொட்டிக்காரன் பையன் வருகிறார்கள்’ என்று கூவிக்கொண்டே பாரிஸ் திரும்பினார்கள். ராஜா அப்புறம் வெர்சாயில் வாழவே இல்லை.

நேரமாகிவிட்டது என்று அண்ணன் கை காட்டுகிறார். மூன்றாவது, பயம். 1792-இல் போர் வந்தது. எதிரி வருகிறான், சிறையில் இருக்கிறவர்கள் அவனோடு சேர்ந்துவிடுவார்கள் என்ற வதந்தியில், செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை வெட்டிக் கொன்றார்கள். 1793 ஜனவரி 21 அன்று, கில்லட்டின் என்ற தலை வெட்டும் எந்திரத்தில் ராஜாவின் தலை போயிற்று. அதே வருஷம் செப்டம்பரில், சந்தேகம் வந்தாலே பிடித்து அடைக்கலாம் என்று சட்டம். 1794 ஜூனில், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் கிடையாது என்று இன்னொரு சட்டம். தீர்ப்பின்படி கொல்லப்பட்டவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். குறையை எழுதுங்கள் என்று கேட்ட தேசத்தில், நாலே வருஷத்தில், குறை சொன்னவன் துரோகி. 1794 ஜூலை 28 அன்று, அந்த ஆட்சியின் முன்னணித் தலைவர் ரோபஸ்பியரின் தலையும் அதே கில்லட்டினில் விழுந்தது. ராஜா காதை மூடினார், ராஜாவை இறக்கியவர்களும் காதை மூடினார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ராஜாஜி 1917-இல் நகராட்சித் தலைவராக இருந்த ஊர் இது. இன்று மாநகராட்சி, 60 வார்டு. என் தெருச் சாக்கடை அடைப்புக்கு நான் நாலு மனு கொடுத்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நாலுக்கும் ரசீது இருக்கிறது, இதோ சட்டைப் பையில். பதில் ஒன்றுக்கும் வரவில்லை. முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். மனுவைத் தனித்தாளில் வாங்கினால் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: வார்டுக்கு ஒரு குறை நோட்டு, பக்க எண் போட்டுத் தைத்த நோட்டு. நூலகத்திலோ ரேஷன் கடையிலோ எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். இடது பக்கம் குறை, வலது பக்கம் முப்பது நாளுக்குள் பதில், தேதியோடு, கையெழுத்தோடு. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று தெரிந்தவர்கள், மிரளும் முன்னால் தட்டிக் கொடுக்க வேண்டாமா?

அம்மா, என் வேண்டுகோள் இதுதான். மாமன்றத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று நானே ஒரு நோட்டுத் தைத்துக் கொண்டு வந்திருக்கிறேன், வாசல் மேஜையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் தெருச் சாக்கடை. வலது பக்கம் காலியாக இருக்கிறது. போகும்போது நீங்கள் அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.