தாயின் கையில் ஒரு நோட்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குறைமாதத்தில் பிறந்து, மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றப்படும் குழந்தைகளைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பிரிவின் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாயைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கிறேன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை இத்தகைய பிரிவுகளில் செவிலியராகக் கழித்த எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தத் தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதைப் போலவே ஒரு நோட்டும் ஒரு பேனாவும் கொடுக்க வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். இன்றும் அதையே சொல்லப்போகிறேன்.

37 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு, சொந்தத்திலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற பெண்ணைத் தெரிந்தே இருக்கும்.

பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கு என்னென்ன வேலை இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் குழந்தைக்கு அவற்றில் எதையுமே அவள் செய்ய முடியாது. பால் குழாய் வழியே வயிற்றுக்குப் போகிறது. மூக்கில் காற்றுக் குழாய். மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கு, கண்ணை மறைத்து ஒரு துணிப்பட்டை. மானிட்டர் ஒலிக்கும்போதெல்லாம் தன் குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவள் எழுந்து ஓடி வருகிறாள். அமெரிக்கச் செவிலியர் பேராசிரியை மார்கரெட் மைல்ஸ், இத்தகைய பெற்றோரின் மன அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கினார். அங்குள்ள காட்சிகளும் ஒலிகளும், குழந்தையின் தோற்றம், தாய் என்ற இடம் பறிபோன உணர்வு ஆகிய மூன்றையும் அது தனித்தனியே கேட்கிறது. பல நாடுகளில் அதைக் கொண்டு கேட்டபோது, மிகுதியாக வருத்தியது பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான் என்று தெரியவந்தது. இதோடு, பப்பாளி தின்றதாலா, மாடிப்படி ஏறி இறங்கியதாலா என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் வேதனையும் நம் பெண்களுக்கு உண்டு. குறைப்பிரசவத்துக்கும் பப்பாளிப் பழத்துண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசுகிற உறவினர்கள், அந்தப் பேச்சு எவ்வளவு ஆழமாகக் குத்துகிறது என்று அறிவதில்லை.

குழந்தையின் பெட்டியருகே ஒரு தாள் இருக்கும். உடல்வெப்பம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, எத்தனை மில்லி பால், சிறுநீர் கழிந்ததா என்று மணிக்கு மணி அதில் நாங்கள் எழுதுவோம். அந்தத் தாளில் தாய்க்கென்று ஒரு வரி இடம்கூடக் கிடையாது. அவளுடைய பக்கத்தை அவள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஊரும் பேரும் வேண்டாம். ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்து, இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் குலுங்கக் குலுங்கப் பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு, அந்த வாரமே வலி கண்டுவிட்டது. 1,200 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை. எங்கள் பிரிவுக்குள் வருகிற எவரும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடிகாரம், மோதிரம், வளையல் எதுவும் கையில் இருக்கக்கூடாது. கிருமித்தொற்றைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. வாசலில் நின்று அவள் ஒவ்வொரு வளையலாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே வந்து பெட்டியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல நாட்கள் அப்படியேதான். யாரோடும் பேச்சில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, “இத யாரும் படிக்க மாட்டோம்மா, நாங்களும் படிக்க மாட்டோம். மனசுல என்ன தோணுதோ எழுது” என்று சொன்னேன். அவள் முதலில் எழுதியதெல்லாம் பால் கணக்கு: காலை 6 மணி 5 மில்லி, 9 மணி 8 மில்லி. அதை அவளே என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அதுவும் எழுத்துதான் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஒருநாள் காலையில், “சிஸ்டர், ராத்திரி வளையலப் பத்தி எழுதினேன்” என்றாள். நான் கேட்காமலேயே சில வரிகளை வாசித்தும் காட்டினாள். ஒவ்வொரு வளையலையும் எந்த அத்தை, எந்தச் சித்தி போட்டுவிட்டாள், என்ன சொல்லி வாழ்த்தினாள் என்று வரிசையாக இருந்தது. கதவருகே அவற்றைக் கழற்றியபோது அந்த வாழ்த்துகளையெல்லாம் தானே திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்தாள் என்று இருந்தது. அதன் கீழே, முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு இழக்க முடியாது என்பதால்தான் குழந்தையைப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். பெற்ற அம்மாவிடம்கூட அவள் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அன்று முழுவதும் அழுதாள். மறுநாள் எழுத வேண்டாம் என்று நானே சொன்னேன். அதற்கு அடுத்த நாட்களில், “அந்தத் தொண்ணூத்தி மூணுன்னு காட்டுதே, அது என்ன சிஸ்டர்?” என்று மானிட்டரில் தெரியும் ஆக்சிஜன் அளவைக் காட்டிக் கேட்கத் தொடங்கினாள். பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியே கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொடலாமா என்று கேட்டாள். குழந்தையும் அப்போது தேறி வந்துகொண்டிருந்தது. ஆகவே நோட்டு மட்டுமே இந்த மாற்றத்தைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு வாக்கியம் தாளில் இறங்கிய பிறகுதான் அவளால் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடிந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு ஆய்வு வழியிலும் ஆதாரம் உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் 15 நிமிடம் எழுதச் செய்து, 1986இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். வாழ்வில் பட்ட பெருந்துன்பத்தை, நடந்தது என்ன, அதனால் மனம் பட்டது என்ன என்று இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் நோய்க்காக மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதிய அன்று அவர்களுக்கு மனம் கனத்தது என்பதையும் அந்த ஆய்வு மறைக்காமல் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் இதே முறையைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். எழுதிய தாய்மாரிடம் அதிர்ச்சியின் அறிகுறிகளும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஈரானின் டெஹ்ரானில், குழந்தை மருத்துவமனையில் இருக்கும்போதே தாய்மாரை எழுதச் செய்தபோதும் அழுத்தம் தணிந்தது. மனம் இறுகினால் பால் சுரந்து இறங்குவது தடைப்படும் என்பதைப் பிள்ளை பெற்ற நேயர்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஆகவே தாயின் மனத்தைக் கவனிப்பது குழந்தையைக் கவனிப்பதுமாகும்.

எழுத விரும்பும் தாய்க்கு நான் சொல்வது இதுதான். ஒரு நாளில் 15 நிமிடம் போதும். மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்தால் போதும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். கோபம் யார்மேல் இருந்தாலும், டாக்டர்மேல் இருந்தாலும், எங்கள்மேல் இருந்தாலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் உடனே எழுந்து போகாமல் சற்று நேரம் யாருடனாவது உட்கார்ந்திருங்கள். தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்றே: அந்த நோட்டை யாரும் படிக்கக்கூடாது. நம் வார்டுகளில் ஒரு கட்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் திரைகூட இருப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்த பையை மாமியாரும் திறப்பார், நாத்தனாரும் திறப்பார். மாமியாரைப் பற்றி எழுதிய வரியை அவரே படித்துவிட்டால், அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் எழுதமாட்டாள். கணவர் அன்போடு கேட்டாலும் அவள் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினத்தன்று தாய்மார் எழுதியவற்றைச் சுவரில் ஒட்டிக் காட்சிக்கு வைக்கலாம் என்ற யோசனை நல்லெண்ணத்தோடு வருவதுண்டு. அதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன். பிறர் படிப்பார்கள் என்று தெரிந்துவிட்டால், எல்லாரையும் போல “கடவுள் கைவிடமாட்டார்” என்று மட்டும் எழுதிவிட்டு அவள் எழுந்துபோய்விடுவாள். திரும்பவும் சொல்கிறேன், நோட்டை யாரும் படிக்கக்கூடாது. எழுதியதைக் கிழித்துப் போடவும் அவளுக்கு உரிமை உண்டு. மருத்துவமனைகளை நான் வேண்டுவது, செவிலியர் அறையில் சாவியோடு கூடிய ஒரு சிறிய இழுப்பறை. அதற்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம்.

தாயே கிருமியைக் கொண்டுவருவாள் என்று அவளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் எட்கார் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் கங்காரு முறையைத் தொடங்கினார். டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2021இல் வெளியானது. பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. தாயின் உடம்புக்கு இவ்வாறு உள்ளே இடம் கிடைத்துவிட்டது. அவள் மனத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். அப்பாக்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; அவர்களும் எழுதலாம், அவர்கள் நோட்டுக்கும் அதே விதிதான். எழுதத் தெரியாத தாய்மார் கைபேசியில் தங்கள் குரலைப் பதிந்துவைத்து, பிறகு விரும்பினால் அழித்துவிடலாம். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: தூக்கமே இல்லாமல், சோறு இறங்காமல், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தாய்க்கு வந்தால், நோட்டோடு விட்டுவிடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வணக்கம்.